மனுவும் மானமும்

“ஒரே ஒரு கடிதம் போதும், அண்ணே! மாவட்டம் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும்!”

இந்தக் குரலைக் கேட்காத கிளை அலுவலகம் இல்லை. கேட்டுக்கேட்டுக் காது புளிக்காத கிளைச் செயலாளரும் இல்லை. அரசு வேலைக்கான அறிவிப்பு ஒன்று வெளியாக வேண்டியதுதான் — நமது படிப்பகங்களின் வாசலில் செருப்புகள் கூடிவிடுகின்றன. இரவு ஷிப்டு முடித்து, கண் எரிச்சலோடு, மகனின் மதிப்பெண் சான்றை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வரும் ஆலைத் தொழிலாளி, கொத்து வேலைக்குப் போகும் வழியில் கரண்டியையும் ரசமட்டத்தையும் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே நுழையும் தோழர், கொடி கட்டிய நாளையும், சுவரொட்டி ஒட்டிய இரவையும், சிறைக்குச் சென்ற தேதியையும் வரிசை பிசகாமல் ஒப்புவித்து, “இத்தனை செய்தேனே, எனக்கு இது ஒன்று செய்யக் கூடாதா?” என்று கேட்கும் பழைய தொண்டர் — அத்தனைபேரும் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.

கேட்பவர்மீது நமக்குக் கோபமில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதி ஏற்பட்டுவிட்டால், அந்த வீட்டு வாசலில் வட்டிக்காரனின் நிழல் விழாது. மழைக்காலத்தில் அடுப்பு அணையாது. தங்கையின் படிப்பு பாதியில் நிற்காது. அந்த ஆசை நியாயமான ஆசை. பாட்டாளிக்கு இருக்கவேண்டிய ஆசை. ஆனால், அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள அவர்கள் எட்டிப்பிடிக்கும் கயிறு இருக்கிறதே, அது இற்றுப்போன கயிறு. அதைப் பிடித்துத் தொங்கினால் கரையேற முடியாது. கிணற்றில்தான் விழ நேரும். இதை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுவது ஏட்டின் கடமை என்று கருதுகிறோம்.

கடிதம் எங்கே போய்ச் சேரும் என்று எண்ணிப்பார்த்ததுண்டா, தோழர்களே? 2024 ஜூன் 9-இல் நடந்த குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய வேலைகளுக்காக நடந்தது. முதல் அறிவிப்பில் காட்டப்பட்ட இடங்கள் 6,244. மனுப்போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்! ஓரிடத்துக்கு 320 பேருக்குமேல். 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். விடைத்தாளை இயந்திரம் படிக்கிறது. நேர்முகத் தேர்வு கிடையாது. பெற்ற மதிப்பெண், இனச்சுழற்சி, சான்றுகள் — இந்த மூன்றையும் வைத்து வரிசை தயாராகிறது. இதில் எந்த இடத்தில் நமது மாவட்டச் செயலாளரின் கடிதத்தைச் செருகுவது? கருப்பு வட்டங்களை மட்டுமே படிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அவர் எழுதிய ‘நம்மவர், நல்லவர்’ எப்படிப் புரியும்?

புரியாது என்பது மட்டுமல்ல, கெடுதலும் செய்யும். சிபாரிசு தேட முயன்றால் மனு தள்ளுபடி என்று தேர்வாணையத்தின் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு கடிதம் கொடுக்கும் நமது நிர்வாகி, அந்தப் பிள்ளையின் மனுவுக்குத் தாமே கொள்ளி வைக்கிறார் என்பதை உணரவேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது சில தோழர்களுக்கு மனம் வருந்தக்கூடும். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடிதம் தேவைப்படாத ஒரு நிலை வேண்டும் என்பதற்காகத்தானே இந்த மண்ணில் ஒரு தலைமுறை முழுதும் வாதாடிற்று? சென்னை மாகாணத்தில் உத்தியோகம் என்றால், உள்ளே இருப்பவரின் மைத்துனனுக்கும் மருமகனுக்கும் என்று இருந்த காலம் ஒன்று இருந்தது. காலியிடம் உண்டு என்ற சேதியே வெளியில் வராது. வரும்போது இடம் நிரம்பியிருக்கும். அதை எதிர்த்துத்தான் 1921-இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. ஆணை பிறந்ததேயன்றி நடைபோடவில்லை. அமைச்சர் முத்தையா முதலியார் 1928-இல் மீண்டும் ஆணையிட்டு, 12 இடங்களை இன்னின்னாருக்கு இத்தனை என்று பிரித்த பிறகே அது காலூன்றிற்று. இடையில், 1924-இல், ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. 1929-இல் சட்டம் இயற்றி, மாகாணங்களிலேயே முதலாவது தேர்வாணையம் சென்னையில் ஏற்பட்டது. அதுதான் 1970 முதல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என்ற பெயரில் இயங்குகிறது. 1951-இல் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றபோது, தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

கிராமத்துக்கு வாருங்கள். மணியக்காரர் என்றும், கிராம முன்சீப் என்றும், கர்ணம் என்றும் இருந்தார்களே, அந்த வேலை ஊரில் எத்தனை குடும்பங்களைச் சுற்றிச்சுற்றி வந்தது? தகப்பனுக்குப்பின் மகன், மகனுக்குப்பின் பேரன்! சேரியிலிருந்து ஒரு பையன் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தொட்டிருக்க முடியுமா? 1980-இல் அந்தப் பதவிகள் ஒழிந்தன. இன்று அதே கணக்கு, அதே சிட்டா, அதே அடங்கல், பத்தாம் வகுப்புத் தேறிய எந்த வீட்டுப் பிள்ளையும் தேர்வெழுதி அமரக்கூடிய நாற்காலியில் இருக்கிறது.

பெரிய மனிதரின் கடிதம் இல்லாமலே ஏழையின் பிள்ளை உள்ளே போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். திறந்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, “எனக்கு ஒரு பெரிய மனிதரின் கடிதம் வாங்கித் தாருங்கள்” என்று நாமே கேட்பதா? அந்தப் பெரிய மனிதர் நம் கட்சிக்காரர் என்பதால் அது நியாயமாகிவிடுமா?

கடிதம் தேடுகிறவன் அடுத்த படியாக எங்கே போகிறான் என்பதும் நமக்குத் தெரியும். தரகரிடம் போகிறான்! “ஆணையத்தில் ஆள் இருக்கிறது, சென்னையில் பெரிய இடம் இருக்கிறது, முன்பணம் மட்டும் கொடு, மீதி ஆர்டர் வந்தபிறகு” என்று வெள்ளை வேட்டியில் ஒருவன் வருவான். மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வின் கதையை மறந்துவிடக்கூடாது. எழுதியபின் சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைத்தாளில் குறியிட்டு, பிறகு அதை வேறு கைகளைக்கொண்டு திருத்தி, ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். குட்டு வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் முழுவதும் தேர்வெழுதத் தடை விதிக்கப்பட்டது. பணமும் போயிற்று, வேலையும் போயிற்று, வழக்கும் வந்து சேர்ந்தது. தரகன் நம் கட்சிக் கரை வேட்டியோடு வந்தாலும் தரகன்தான். அப்படி ஒருவன் வந்தால், அவன் பெயரைக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். தலைமை நிலையத்துக்கும் எழுதுங்கள்.

அப்படியானால் தோழர்களுக்கு எந்த உதவியும் செய்யவேண்டாமா? நிரம்பச் செய்யவேண்டும்! கையெழுத்துப் போடுகிற உதவி அல்ல. கூட உட்காருகிற உதவி.

அரசு வேலைக்கான மனுவில் எழுத்துத் திறமைக்கு வேலை குறைவு. காகிதத்துக்கு வேலை அதிகம். படித்த பிள்ளைகள்கூட இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். தேர்வில் தோற்றவனைக் கண்டால் இரக்கம் பிறக்கிறது. தேர்வில் வென்று சான்றில் தோற்றவனைக் கண்டால் வயிறு எரிகிறது.

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் படித்தவர். தந்தை மூட்டை தூக்குபவர். ஒன்றிய அரசின் இலாகா ஒன்றுக்கு எழுதினார். நல்ல மதிப்பெண். சான்று சரிபார்க்கும் நாளன்று, பத்து வருடமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த பிற்படுத்தப்பட்டோர் சான்றை எடுத்து நீட்டினார். “இது உங்கள் மாநில அரசின் சான்று, ஒன்றிய அரசின் படிவத்தில், வசதிபடைத்த பிரிவில் இல்லை என்ற குறிப்போடு, இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று எங்கே?” என்று கேட்டார்கள். அப்படி ஒன்று தனியாக உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. பொதுப்பிரிவில் வைத்து எண்ணினார்கள். பொதுப்பிரிவுக்கு மதிப்பெண் எட்டவில்லை. வெளியே வந்து தந்தைக்குத் தொலைபேசியில் என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு மணி நேரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்ததாக நம்மிடம் சொன்னார்.

தமிழ்நாட்டு அரசு வேலைக்கு வசதிபடைத்த பிரிவு என்ற வடிகட்டல் கிடையாது. ஒன்றிய அரசு வேலைக்கு உண்டு. ஆகவே சான்றும் வேறு, படிவமும் வேறு. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் ஒன்றியப் பட்டியலில் இல்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். இந்த ஒரு செய்தியை ஒவ்வொரு படிப்பகத்தின் கரும்பலகையிலும் எழுதிப்போட்டால் போதும். ஆண்டுக்குச் சில குடும்பங்களாவது பிழைக்கும்.

சாதிச்சான்றைப்பற்றி இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது. மணமான பெண்களுக்குச் சிலர் கணவர் பெயரில் சான்று வாங்கித் தந்துவிடுகிறார்கள். அது செல்லாது. தந்தையின் பெயரைக் கொண்ட சான்றுதான் வேண்டும். சாதி பிறப்பால் வந்த கேடாகையால், சான்றும் பிறந்த வீட்டு வழியில்தான்! பழங்குடித் தோழர்களுக்குத் தாசில்தார் கொடுக்கும் சான்று போதாது, கோட்டாட்சியர் தரவேண்டும். ஆதரவற்ற விதவை என்று சலுகை கேட்கும் சகோதரிகளுக்கும் கோட்டாட்சியர் அளவில்தான் சான்று. வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் பலர்.

மாநில வேலைகளில் 69 சதவிகிதம் என்று மேடையில் முழங்குகிறோம்; 26.5 பிற்படுத்தப்பட்டோருக்கு, 3.5 பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு, 20 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும், 15 ஆதிதிராவிடருக்கு, 3 அருந்ததியருக்கு, 1 பழங்குடியினருக்கு. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காத்து நிற்கிறது. நல்லது! ஆனால், அந்த 69-இல் தன் பங்கைப் பெற ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்துப் பிழையிருந்தால் அத்தனை முழக்கமும் அந்தப் பிள்ளைக்குப் பயன்படாமல் போகிறது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவிகித முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. கான்வென்ட் வாசலை எட்டிப்பார்க்க வசதியில்லாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டதுபோன்ற சலுகை அது. ஆனால், 2020-இல் வந்த திருத்தத்துக்குப்பின், கடைசிப் படிப்பை மட்டும் தமிழில் படித்தேன் என்றால் போதாது; முதல் வகுப்பிலிருந்து, அந்த வேலைக்குரிய கல்வித்தகுதி வரையில், எல்லாப் படிகளுக்கும் சான்று வேண்டும். மூன்று ஊர்ப் பள்ளிகளில் படித்திருந்தால் மூன்று தலைமையாசிரியர்களிடமும் போகவேண்டும். வேலை தேடி ஊர் ஊராகப் பெயர்ந்த தொழிலாளியின் பிள்ளைக்கு இது எவ்வளவு அலைச்சல் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியதோ, என்னவோ! அறிவிப்பு வந்தபிறகு ஓடினால், தலைமையாசிரியர் விடுமுறையில் இருப்பார். அவர் வரும்போது கடைசி நாள் போயிருக்கும். அறிவிப்பு வரும்முன்பே, சும்மா இருக்கும் காலத்தில், ஆணையம் விதித்துள்ள படிவத்திலேயே வாங்கி வைத்துவிடவேண்டும்.

பெயர்! இது சிறிய விஷயமென்று எண்ணுகிறார்கள். பள்ளிச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால் ஒன்று. ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னால். சாதிச்சான்றில் ‘ர’வுக்குப் பதில் ‘ற’. ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் ஒரு ‘எச்’ கூடுதல். நான்கு காகிதமும் நான்கு மனிதர்களைக் காட்டுகின்றன. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளதையே மூலமாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்திக்கொள்வது நல்லது. சோதிடம் பார்த்துப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் (நம் தோழர்களிலும் சிலர் இருக்கிறார்கள், வெட்கம்!) அதை அரசிதழில் வெளியிட்டிருக்கவேண்டும்.

தேர்வாணையத்தில் ஒருமுறைப் பதிவு என்று ஒன்று உண்டு. 150 ரூபாய், ஐந்தாண்டுக்குச் செல்லும். அதோடு மனுப்போட்டதாக ஆகிவிட்டது என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்! பதிவு வேறு, ஒவ்வொரு தேர்வுக்கும் போடவேண்டிய மனு வேறு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று முறை தேர்வுக் கட்டணம் இல்லை. நாலாவது முறையும் ‘இலவசம்’ என்று குறித்தால், பொய் உரைத்ததாக மனு தள்ளப்படும். கடைசி நாளுக்குப்பின் பிழைதிருத்தச் சில நாள் அவகாசம் தருகிறார்கள், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கணினி மையத்தில் ஐம்பது ரூபாய் கொடுத்து, “நீங்களே போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க்கடைக்குப் போய்விடாதீர்கள். அங்கே விசைப்பலகையில் தட்டும் பையனுக்கு ஒரு நாளில் ஐம்பது மனு. அவன் தவறாகத் தட்டினால், தண்டனை உங்களுக்கு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள்.

இனி, நம் தோழர்களுக்கே உரிய ஒரு சிக்கல். மனுவில் ஒரு கேள்வி வரும்: உம்மீது குற்றவழக்கு உண்டா? கைதானதுண்டா? மறியலில் கைதாகிக் கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டு மாலையில் விடுதலையானவர், ‘அது ஒரு வழக்கா?’ என்று ‘இல்லை’ போட்டுவிடுகிறார். வேண்டாம்! காவல் நிலையத்தில் போய்க் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானதா, என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். இருந்தால் இருக்கிறதென்றே எழுதுங்கள்; வழக்கு முடிந்திருந்தால் தீர்ப்பின் நகலை வையுங்கள். வழக்கால் போகும் வேலையைவிட, மறைத்ததால் போகும் வேலை அதிகம். 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை ஆராய்ந்தது. தரும் தகவல் உண்மையாக இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகக் கூறிய அதே தீர்ப்பு, இளவயதில் கோஷம் போட்டதுபோன்ற சிறு வழக்குகளை மறைத்திருந்தால்கூட, நியமிக்கும் அதிகாரி தம் விருப்புரிமையில் பொறுத்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டிருக்கிறது. கோஷம் போட்டது பாவமல்ல, தோழர்களே. அதை ஒளிப்பதுதான் ஆபத்து. காவல்துறை வேலைக்கு மட்டும் விதி கடுமையானது. சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அங்கே கருதுகிறார்கள்.

தேர்வு இல்லாமல், நேரில் பார்த்து எடுக்கும் வேலைகளும் உண்டு. ஓட்டுநர், நியாயவிலைக்கடை விற்பனையாளர், மாவட்ட அளவில் ஒப்பந்தத்தில் எடுக்கும் ஆய்வகப் பணியாளர் போன்றவை. இவற்றுக்குத் தன்விவரக் குறிப்பு கேட்கிறார்கள். நமது அலுவலகத்துக்கு வந்த சில குறிப்புகளைப் பார்த்தோம். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை! ஒருவர் முதல் பக்கத்தில் தலைவர் படம் போட்டிருந்தார். ஒருவர், ‘இதர தகுதிகள்’ என்ற இடத்தில், மூன்று மாநாடுகளில் தொண்டர்படையில் பணியாற்றியதைக் குறித்திருந்தார். பூந்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வேலைக்கு மனுப்போட்ட ஒருவர், பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘புத்தகம், கிரிக்கெட், சினிமா’ என்று எழுதியிருந்தார். தம் ஊரில் பத்து வருடம் மிளகாயும் கத்தரியும் பயிரிட்டவர் அவர் — அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை!

நம் தொழிலாளிக்குத் தன் வேலையைச் சொல்லத் தெரியவில்லை. தெரியாமலில்லை, சொல்லத் தகுந்ததென்று அவன் நினைப்பதில்லை. கோவைப் பட்டறையில் எட்டாண்டு லேத்தில் நின்றவன், ‘லேத் வேலை தெரியும்’ என்று மூன்று சொல்லில் முடிக்கிறான். என்னென்ன லேத்? பம்புசெட்டின் தண்டைக் கடைந்தாயா, புஷ் போட்டாயா? வரைபடம் பார்த்து நீயே அளவெடுப்பாயா? வெர்னியர் மட்டுமா, மைக்ரோமீட்டரும் பிடிப்பாயா? உன்கீழ் எத்தனை பையன்கள் கற்றுக்கொண்டார்கள்? இவற்றை எழுதினால், அதுதான் தகுதி. லாரி ஓட்டுபவர், ‘டிரைவர், 12 வருடம்’ என்று எழுதுகிறார். கனரக வாகன உரிமம் எந்த ஆண்டு கிடைத்தது, எந்த வண்டி, மலைப்பாதையில் ஓட்டியதுண்டா, விபத்து உண்டா இல்லையா, பழுது பார்க்கத் தெரியுமா, முதலுதவிச் சான்று உண்டா என்று எழுதட்டும். அறிவிப்பில் எதை முதலில் கேட்டிருக்கிறார்களோ, அதை முதலில் எழுதவேண்டும். அவர்கள் கேட்காததை விட்டுவிடலாம். ஒரு தாளுக்குமேல் வேண்டாம். பெயர், பிறந்த தேதி, கல்வி, தொழில், எந்த இடத்தில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை — இடையில் வேலையில்லாத ஆறு மாதம் இருந்தால் அதை மறைக்கவேண்டாம். கதவடைப்பு என்றால் கதவடைப்பு என்று எழுதலாம்.

எழுதியதற்கெல்லாம் அத்தாட்சி வேண்டும். முதலாளி அனுபவச்சான்று தர மறுக்கிறார் என்பார்கள். மறுப்பார், தெரிந்ததுதான். வருங்கால வைப்புநிதிக் கணக்கின் நகல், ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, கட்டுமான நலவாரியப் பதிவு — இவை எல்லாம் நீ அந்தத் தொழிலில் இருந்தாய் என்பதற்குச் சாட்சி சொல்லும். சான்று என்றே கேட்கும் இடத்தில் இவை அதற்கு ஈடாகா. எனினும் கேள்வி வரும்போது கைகொடுக்கும். சம்பளச் சீட்டைக் கிழித்துப் பீடி சுற்றிய தோழர்கள் இனிமேலாவது அதைப் பெட்டியில் போட்டு வைக்கட்டும். ரெயில்வேயில் கடைநிலைப் பணிகளுக்கு, பயிற்சிச் சட்டத்தின்கீழ் பழகுநராக இருந்து தேறியவர்களுக்கு 20 சதவிகிதம் ஒதுக்கீடு உண்டு. அந்தப் பழகுநர் சான்றை இரண்டாண்டு வீணாய்ப் போனதற்கு ஓர் அடையாளமென்று எண்ணிப் பரணில் போட்டிருப்பவர்களை நாம் அறிவோம்.

மனுவின் நடையைப்பற்றியும் ஒரு சொல். ‘சமூகம் ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு ஏழையேன் எழுதிக்கொண்டது, கருணைகூர்ந்து இந்த அடிமைக்கு’ என்று தொடங்கும் மனுக்கள் இன்றும் வருகின்றன. வெள்ளைக்காரக் கலெக்டருக்கு மகாராஜராஜஸ்ரீ போட்டு எழுதிய கை, இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வேலை யாருடைய கருணையும் அல்ல. அறிவிப்பு எண் இது, நாள் இது, பதவி இது, அதற்குரிய தகுதி எனக்கு இருக்கிறது, சான்றுகள் இணைத்துள்ளேன் — இவ்வளவுதான் மனு. ‘ஐயா’ என்பது மரியாதை, இருக்கட்டும். ‘அடிமை’ என்பது எதற்கு? எதிரில் அமர்ந்து அந்தத் தாளைப் படிக்கும் அதிகாரியும் நம்மைப்போல ஒரு வீட்டுப் பிள்ளைதான். மிகைச் சொல்லைக் கண்டால் அவருக்கு அலுப்பே உண்டாகும்.

தோழர்கள் கேட்க விரும்பாத செய்தி ஒன்று பாக்கி. அரசு வேலையில் சேர்ந்தபின் கட்சியில் உறுப்பினராக இருக்க முடியாது. 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. கிளையில் ஓடியாடி உழைத்த பையன் ஒருவன் தேர்வில் தேறினால், நாம் ஒரு தொண்டனை இழக்கிறோம். சில நிர்வாகிகளுக்கு இதனால் உள்ளூரக் கசப்பு உண்டு என்பதை நாம் அறியாமலில்லை; “இவனும் போய்விட்டால் தேர்தல் வேலைக்கு ஆள் ஏது?” என்று முணுமுணுத்தவரும் உண்டு. போகட்டும்! தாலுகா அலுவலகத்தில் அமர்ந்து, கட்சி பாராமல், கை நீட்டாமல், முதியோர் உதவித்தொகைக்கு வந்த கிழவியை நாளைக்கு வா என்று விரட்டாமல் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, நம் கொடிக்கம்பத்தின்கீழ் நின்ற பிள்ளை என்பது நமக்குப் போதும். அவன் நமக்குச் சலாம் போடவேண்டியதில்லை. நமக்கென்று சலுகை காட்டவும் கூடாது.

படிப்பைப்பற்றி விரிக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். குரூப் 4-இல் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 வாங்காவிட்டால் மறுபகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நம் மொழிதானே என்று மெத்தனமாயிருந்தவர்கள் விழுந்த இடம் அது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களே அதற்குப் போதிய அடிப்படை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆனால், விடை தெரியாததை வெறுமனே விடாமல் ஐந்தாவது வட்டத்தைக் கருக்கவேண்டும். ஒன்றிய அரசின் ஆயுதக் காவல்படைக் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். இந்தி தெரியாதே என்று ஒதுங்கியிருந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் கட்டணமில்லாத பயிலும் வட்டங்கள் நடக்கின்றன. பதிவு புதுப்பிக்கத்தான் அந்த அலுவலகம் என்று இன்னும் நினைத்திருக்கிறோம். பதிவட்டை வரிசைப்படி அழைப்பு வரும் என்று இருபது வருடம் காத்திருந்த காலம் போய்விட்டது. அந்தப் பட்டியலோடு நில்லாமல் வெளிப்படையாக விளம்பரமும் செய்து ஆளெடுக்கவேண்டும் என்று 1996-லேயே உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

நமது படிப்பகங்கள் சிலவற்றில் மாலையில் காரம்போர்டு சத்தம்தான் கேட்கிறது. வாரத்தில் ஒரு மாலை, ஞாயிறு ஆனால் நலம், அந்தப் பலகையை மடித்துவைத்துவிட்டு மேசையைப் போடுங்கள். ஊரில் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணக்கரோ, தலைமையாசிரியரோ இருப்பார். அவர் எந்தக் கட்சியாயிருந்தாலும் சரி, போய் அழைத்துவாருங்கள். பிள்ளைகள் சான்றுகளைக் கொண்டுவரட்டும். பெயர், தேதி, சாதி, பள்ளி என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்கட்டும். நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைதானா என்று கேட்டு உள்ளே விடவேண்டாம். வாசலுக்கு வந்தவர் யாராயினும் வரட்டும்.

சென்ற மாதம் கடிதம் கேட்டு வந்த கொத்தனார் தோழர் ஒருவரை அப்படித்தான் உட்காரவைத்தோம். மகளின் சான்றுகளை மேசையில் பரப்பினோம். சாதிச்சான்று மருமகன் பெயரில் இருந்தது. ஐந்தாம் வகுப்புவரை படித்த ஊரிலிருந்து தமிழ்வழிச் சான்று இல்லை. கடிதம் கிடைக்காத வருத்தத்தோடுதான் போனார். நேற்று வந்திருந்தார். தந்தை பெயரில் புதுச்சான்று வந்துவிட்டது. பள்ளிச் சான்றுக்காக வருகிற திங்கட்கிழமை அரைநாள் கூலியை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் போகிறாராம்.